தாரை வார்த்த ஊர்

பகானில் கோயில்களுக்கு நடுவே கடலைக்காடு கிடக்கிறது. கடலை, எள், துவரை என்று பருவத்துக்கு ஒன்று விளைகிறது. வரப்போரம் பனையும் வேம்பும் புளியும். மாடு கட்டி உழுகிறவர் ஏரைத் திருப்புகிற இடத்தில் எண்ணூறு வருஷத்துச் செங்கல் தூபி ஒன்று நிற்கும். அதன் அடி வரைக்கும் உழுதுவிட்டு அடுத்த சாலுக்குத் திரும்புவார். மியான்மரின் நடுப்பகுதியில், மேற்கே ஓடிவரும் ஐராவதி தெற்கே திரும்புகிற வளைவில், சுமார் நூறு சதுர கிலோமீட்டர் பரப்பு முழுக்க இதே காட்சிதான். யுனெஸ்கோ 2019 ஜூலையில் இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோது பதிவில் இருந்த சின்னங்கள் 3,595. கோயில், தூபி, மடம், மண்மேடு எல்லாம் அதில் அடக்கம். மழை குறைந்த பூமி. ராமநாதபுரச் சீமையில் வளர்ந்த எனக்கு அந்த மண்ணின் நிறமும் பனங்காடும் சொந்த ஊர் மாதிரியே இருந்தன. சந்தையில் பனங்கருப்பட்டிகூடக் குவித்து வைத்து விற்கிறார்கள்.

என் உத்தியோகம் வருவாய்த் துறையில். கோயில் இனாம் நிலங்களின் பழைய பதிவேடுகளோடுதான் காலம் போயிற்று. ஒரு வயலைப் பார்த்தால் விளைச்சலைக் கேட்பதற்கு முன்னால், அது யார் பேரில் இருக்கிறது, யார் எழுதிக் கொடுத்தது, எந்த நிபந்தனையில் என்று கேட்கத் தோன்றும். பகானுக்கு அந்தக் கேள்விகளோடுதான் போனேன். அந்த ஊரின் சரித்திரத்தை அரசர்களின் வரிசையாகப் படித்தால் பாதிதான் புரியும். கொடுத்தவர்களின் கணக்காகப் படித்தால்தான் முழுதாக விளங்கும். கொடுத்தே எழுந்த ஊர் அது, கொடுத்தே ஓய்ந்தது. அந்தக் கொடை இன்றைக்கும் நிற்கவில்லை.

2019-ஆம் வருஷக் குளிர்காலம். முதுகுப்பை ஒன்று, நல்ல டார்ச் ஒன்று. யாங்கோனில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும்போது பகானை ஒட்டிய நியாவுங் ஊ. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அப்போது 25,000 சாட். பொது அறையில் ஒரு கட்டில், மின்சார ஸ்கூட்டர் ஒன்று நாள் வாடகைக்கு. அவ்வளவு போதும், ஊரைச் சுற்றிவிடலாம். செருப்பும் காலுறையும் வாசலிலேயே கழற்ற வேண்டும். இடிந்து கிடக்கும் சின்னக் கோயிலானாலும் அதே விதிதான். நெருஞ்சி முள்ளும் செங்கல் ஜல்லியும் கிடக்கிற முற்றத்தில் வெறுங்காலோடு நடப்பது வெளிநாட்டு இளைஞர்களுக்குச் சிரமமாக இருந்தது. எனக்கு அது சரியான மரியாதையாகப் பட்டது.

அரசர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1044-இல் பட்டத்துக்கு வந்த அனோரத்தா பக்கத்துச் சிற்றூர்களையெல்லாம் சேர்த்து ஒரு பேரரசு ஆக்கினார். தெற்கே மோன் நாட்டின் மேல் படையெடுத்துப் பௌத்த நூல்களையும் பிக்குகளையும் கைவினைஞர்களையும் கொண்டுவந்தார் என்று பர்மிய அரச வரலாறுகள் சொல்கின்றன. அவருக்குப் பின் வந்தவர்களில் பெரியவர் கியான்சித்தா. ஆனந்தா கோயில் அவர் காலத்தது. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் தாண்டிப் போகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது அவர் சாவைப் பற்றி.

நியாவுங் ஊவிலிருந்து தெற்கே, பழைய மதிலைத் தாண்டிப் போனால் மியின்கபா. அரக்குப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே மியாசேதி தூபியின் அருகே கம்பிக் கூண்டுக்குள் நான்கு முகம் கொண்ட கல்தூண் ஒன்று நிற்கிறது. அதே வாசகம் உள்ள இன்னொரு தூண் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகத்துக்கு ஒரு மொழியாகப் பாலி, பியூ, மோன், பர்மியம். நான்கிலும் ஒரே சேதி. பியூ மொழியை அதுவரை யாராலும் படிக்க முடியவில்லை. மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1911-இல் பிளாக்டன் என்ற அறிஞர் அதைப் படித்தார். அறிஞர்கள் அந்தத் தூணைக் கொண்டாடுவது அதற்காக. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றதற்குக் காரணம் வேறு. அது ஒரு தானப் பத்திரம்.

இருபத்தெட்டு வருஷம் ஆண்ட கியான்சித்தா நோயில் விழுகிறார். அவருக்கு ஒரு மனைவி, அவள் பெற்ற மகன் ராஜகுமாரன். அந்த மனைவி இறந்தபோது அவளுடைய நகைகளையும் அவளுக்கென்று விட்டிருந்த மூன்று ஊர் அடிமைகளையும் அரசர் மகனிடமே கொடுத்திருந்தார். ஆனால் பட்டம் மகனுக்கு இல்லை, மகள் வயிற்றுப் பேரனுக்கு. பிள்ளை உயிரோடு இருப்பது தெரியாமல் அரசர் பேரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் என்று பிற்கால வரலாறுகள் காரணம் சொல்கின்றன. பட்டம் கிடைக்காத பிள்ளை, அப்பா சாகக் கிடக்கும்போது என்ன செய்வான்? இவன் பொன்னால் ஒரு புத்தர் திருவுருவம் செய்து படுக்கையருகே கொண்டுபோகிறான். உங்களுக்காகச் செய்தது இது, நீங்கள் எனக்குக் கொடுத்த மூன்று ஊர் அடிமைகளையும் இதற்கே கொடுக்கிறேன் என்கிறான். அரசர் மனம் குளிர்ந்து நல்லது, நல்லது என்கிறார். பிக்குகள் சாட்சியாக இருக்க, நீர் வார்க்கப்படுகிறது. பிறகு பிள்ளை கோயில் கட்டித் திருவுருவத்தை உள்ளே வைக்கிறான். இந்த அடிமைகளுக்கு என் மகனோ பேரனோ உறவினனோ வேறு யாரோ கொடுமை செய்தால், அவர்கள் வரப்போகும் மைத்ரேய புத்தரைக் காணக் கிடைக்காமல் போகட்டும் என்று சாபத்தோடு கல் முடிகிறது. காலம் 1113.

அந்தக் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. குப்யாவுஜி என்று பெயர். சாவி ஒரு மூதாட்டியிடம் இருந்தது. கதவைத் திறந்து என் கையில் இருந்த டார்ச்சை வாங்கித் தானே சுவரில் பிடித்துக் காட்டினார். உள்ளே கும்மிருட்டு. துளையிட்ட கல் ஜன்னல்களிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது. வெளிச்சம் போய்ப் பட்ட இடமெல்லாம் ஜாதகக் கதைகள், கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் மோன் மொழியில் மையால் எழுதிய ஒரு வரி. யானையும் குரங்கும் அரசனும் கட்டத்துக்கொன்றாகச் சுவர் கொள்ளாமல் நிறைந்திருக்கிறார்கள். மூதாட்டி ஒரு கட்டத்தில் டார்ச்சை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்பதுபோல் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். பட்டம் இழந்த ஒரு பிள்ளை தன் அப்பாவின் பேரில் எழுதவைத்த சுவர் அது.

இந்தத் தூணில் உள்ளது ஒரு தனி மனிதனின் துக்கம் மட்டுமல்ல. பகானில் யார் எதைக் கொடுத்தாலும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் கொடுத்தார்கள். கொடுக்கிறவர் இன்னார், கொடுப்பது இவ்வளவு, பெறுவது இந்தக் கோயில், நீர் வார்த்தாயிற்று, சாட்சி இன்னார், மீறினால் அவீசி நரகம். தாரை வார்ப்பதும் சாபம் வைப்பதும் நம் கல்வெட்டுகளில் பழகியவை. கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று படித்துப் பழகிய கண்ணுக்குப் பகானின் சாபங்கள் அந்நியமாகத் தெரியாது.

கொடுத்தது பணம் மட்டும் இல்லை. நெல் விளையும் நிலம், தோப்பு, மாடு, வெள்ளி, கூடவே மனிதர்கள். அரசர்களும் அரசிகளும்தான் கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அமைச்சர், அவர் மனைவி, பிக்கு, ஊர்ப் பெரியவர் என்று வசதி உள்ள யாரும் கொடுத்தார்கள். கொடுத்த புண்ணியம் தன்னோடு போகாமல் பெற்றோருக்கும் உற்றாருக்கும் எல்லா உயிர்களுக்கும் சேரட்டும் என்றும் எழுதினார்கள். பெண்கள் தங்கள் பேரிலேயே நிலமும் ஆளும் வைத்திருந்து, தங்கள் பேரிலேயே கொடுத்திருக்கிறார்கள். நிலப் பதிவேடுகளில் பெண் பெயரைத் தேடித் தேடிப் பார்த்த எனக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட மனிதர்களின் பட்டியல்தான் என்னை உலுக்கியது. எண்ணிக்கையோடு நிறுத்தாமல் பல கல்வெட்டுகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்கின்றன. பர்மியர், மோன்காரர், இந்தியர் எல்லோரும் அதில் உண்டு. விளக்கேற்றுவது, பெருக்குவது, சமைப்பது, கொட்டும் குழலுமாக வாசிப்பது, வயலில் பாடுபடுவது எல்லாம் அவர்கள் வேலை. விரும்பித் தங்களையே கொடுத்துக்கொண்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அந்த நிலை தொடர்ந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்த மரபினரோடு மற்றவர்கள் கலந்து பழகவில்லை, பெண் கொடுக்கவில்லை. நம் சோழர் காலத்திலும் கோயிலுக்கு ஆளை விற்ற ஆவணங்கள் உண்டு. ஆகவே பர்மியரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சாயங்கால வெயிலில் பொன்னாக மின்னும் அந்தக் கோபுரங்களைப் பார்க்கும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். பகான் செங்கல் ஊர். கல் வேலை அபூர்வம். கம்போடியாவில் அங்கோர் கட்டியவர்கள் கல்லைக் கல்மேல் நீட்டி நீட்டி வைத்துக் கூரையை மூடினார்கள், அதனால் அங்கே அறைகள் குறுகல். பகான் கொத்தனார்கள் செங்கல்லை ஆரமாக நிறுத்தி உண்மையான வளைவு கட்டத் தெரிந்தவர்கள். தென்கிழக்கு ஆசியாவில் அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய அளவில் அதைச் செய்தவர்கள் வேறு யாரும் இல்லை. அதனால்தான் உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலே அவ்வளவு உயரம். செங்கற்களுக்கு இடையில் மெல்லிய களிமண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. சில செங்கற்களில் அதைச் சுட்டு அனுப்பிய ஊரின் பெயர் முத்திரையாக இருக்கிறது. தம்மயாஞ்சி கோயிலின் சுவரில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நகத்தை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. அப்பனையும் அண்ணனையும் கொன்று பட்டத்துக்கு வந்த நரதூ அதைக் கட்டினான் என்றும், சாந்தில் ஊசி நுழைந்தால் கொத்தன் கையை வெட்டினான் என்றும் ஊரில் சொல்கிறார்கள். கை வைத்து வெட்டிய கல் என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். அந்தக் கதையை நான் நம்பவில்லை. பயத்தில் நடுங்குகிற கைக்கு அவ்வளவு சுத்தமான வேலை வராது. கொத்தருக்கும் தச்சருக்கும் ஓவியருக்கும் வெள்ளியாகவும் நெல்லாகவும் துணியாகவும் கூலி கொடுத்த கணக்கு பகான் கல்வெட்டுகளில் இருக்கிறது. அந்த வேலைக்கு அதுதான் பொருத்தமான விளக்கம்.

இனி நம் கல்லுக்கு வருகிறேன்.

பகான் அருங்காட்சியகத்தின் கல்வெட்டுக் கூடத்தில் வட்ட வட்டமான பர்மிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வருகிற கண், ஒரு கல்லில் திடுக்கென்று நிற்கும். மேலே கிரந்தத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். எழுத்தின் அமைப்பை வைத்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். மியின்கபாவில் கிடைத்த இந்தக் கல்லைப் படித்து எபிகிராபியா இண்டிகாவின் ஏழாம் தொகுதியில் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் வெளியிட்டார். சுலோகம் குலசேகரர் இயற்றிய முகுந்தமாலையில் உள்ளது. கொடை கொடுத்தவர் மலைமண்டலத்து மகோதயர் பட்டணத்துக்காரர், அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம். அவர் பெயரும் குலசேகர நம்பி. தன் பெயர் கொண்ட பெரியவரின் பாட்டைக் கடல் கடந்து கொண்டுபோய்க் கல்லில் வெட்டவைத்திருக்கிறார். புக்கம் என்றும் அரிவத்தனபுரம் என்றும் அவர் சொல்வது பகானைத்தான். அங்கே நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தேன் என்று தன்மையிலேயே சொல்கிறார்.

நானாதேசி என்பது வணிகக் குழுவின் பெயர். ஐந்நூற்றுவர் என்றும் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்றும் நம் கல்வெட்டுகளில் வருகிறவர்கள். தாய்லாந்தின் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் குளம் ஒன்றை மணிக்கிராம வணிகர் காவலில் விட்ட கல்லும், சுமத்ராவின் பரூசில் 1088-இல் வெட்டிய கல்லும், சீனத்துச் சுவான்சௌவில் 1281-ஆம் வருஷத்துச் சிவன் கோயில் கல்லும் இதே கடல்வழியின் தடங்கள். பகான் கடற்கரை ஊர் இல்லை. முகத்துவாரத்திலிருந்து ஆற்றோடு பல நாள் படகில் எதிரேறி வர வேண்டும். அவ்வளவு உள்ளே வந்து, தங்களுக்கென்று ஒரு பெருமாள் கோயில் வைத்துக்கொண்டு, மண்டபம் கட்டிக்கொடுக்கிற அளவுக்கு அங்கே காலூன்றியிருந்தார்கள்.

பழைய மதிலுக்குள் நட்லாவுங் சாவுங் என்ற விஷ்ணு கோயில் இருக்கிறது. பகானில் எஞ்சி நிற்கும் இந்துக் கோயில் அது ஒன்றுதான். வெளிச்சுவர் மாடங்களில் பத்து அவதாரங்கள் இருந்தன, இப்போது சிதைந்தும் சிதையாமலும் ஏழு. நானாதேசி விண்ணகர் இதுதான் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். கல் கிடைத்த இடமோ மதிலுக்கு வெளியே, மியின்கபாவில். நில ஆவணங்களில் சர்வே எண்ணும் எல்லையும் ஒத்துப்போகாமல் ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்று பழகியவள் நான். வணிகர்கள் கோயில் வேறு, இது வேறு என்பதே என் எண்ணம். எதுவானாலும், புத்தருக்கு இத்தனை கட்டிய ஊரில் பெருமாளுக்கும் இடம் இருந்தது. கியான்சித்தா தன்னைத் திருமாலின் பிறவி என்றே கல்வெட்டுகளில் சொல்லிக்கொண்டார். அவர் அரண்மனை எழுந்தபோது பிராமணர்கள் சடங்கு செய்து நாராயணனை வழிபட்டதை மோன் கல்வெட்டு விவரிக்கிறது.

குலசேகர நம்பியின் கொடையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மண்டபம், கதவு, விளக்கு. நிலம் இல்லை, ஆள் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு விடுவது வழக்கம். இவர் அதுவும் விடவில்லை. அந்நிய நாட்டில் வியாபாரிக்குக் காணி ஏது, மந்தை ஏது என்று கேட்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், இந்தக் கொடையால் ஒரு குடியானவனின் வயலும் பறிபோகவில்லை, ஒரு குழந்தையும் அடிமையாகப் பிறக்கவில்லை. பகான் கொடைகளில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

மற்ற கொடைகளின் விளைவைப் பாருங்கள். கோயிலுக்குப் போன நிலத்துக்கு வரி கிடையாது. நம் பாஷையில் இறையிலி. தொடக்கத்தில் இது நாட்டுக்கு நல்லதைத்தான் செய்தது. கோயில் கட்ட ஆள் வந்தார்கள், ஆளுக்குச் சோறு போடப் புதிய நிலம் திருத்தினார்கள், கிழக்கே சவுக்செ சமவெளியில் வாய்க்கால் வெட்டி நெல் விளைவித்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிட அதிகம் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி இல்லை, சாபம் காவல் நின்றது. 1280-களில் வடபர்மாவின் விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை மதத்துக்குப் போய்விட்டிருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட கியஸ்வா இதைக் கண்டு நிலங்களை மீட்கப் பார்த்தார். அவரே பக்தியில் ஊறிய மனிதர், பாலி நூல்கள் கற்றவர். கொஞ்சம் மீட்டார், பெரும்பகுதிக்குப் பிக்குகள் சங்கத்தின் எதிர்ப்பு குறுக்கே நின்றது. அரசன் படைவீரனுக்குக் கொடுக்க நிலம் இல்லாதபோது படைவீரன் அரசனோடு நிற்பதில்லை. 1287-இல் மங்கோலியர் படையெடுப்பின்போது பேரரசு கலைந்தது. குப்ளாய்கானின் குதிரைகள் பகானைச் சாய்த்தன என்று பாடப்புத்தகம் எழுதலாம். என் கணக்கில் அந்தக் குதிரைகள் வருவதற்கு முன்பே கருவூலம் காலி.

அதன்பின் ஊர் சிறுத்துக் கிராமங்களாகப் பிரிந்தது. பெரிய கோயில்களில் விளக்கு எரிந்தது, சின்னவற்றில் செடி முளைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் திருட்டு வந்தது. 1899-இல் தோமான் என்ற ஜெர்மானியர், வெட்சி-இன் கிராமத்தில் அதே பெயரில் உள்ள இன்னொரு குப்யாவுஜி கோயிலின் சுவரோவியங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார். வெட்டி எடுத்த சதுரங்கள் இன்றும் சுவரில் வெறுமையாகத் தெரிகின்றன. ஓரங்களில் கருவி பட்ட தடமும் இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்க்கும்போது வயிறு கலங்கியது.

1975 ஜூலை 8 நிலநடுக்கம் பல கோபுரங்களைச் சாய்த்தது. ஆற்றங்கரையில் நின்ற பூபயா தூபி உடைந்து ஐராவதிக்குள்ளேயே விழுந்தது. அதற்குப் பிறகுதான் பியர் பிஷார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒவ்வொரு சின்னமாக அளந்து, வரைந்து, 2,834 எண்கள் கொண்ட பதிவேட்டை எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பதிவேடு எழுதுகிற வேலையின் அருமை தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன். பகானுக்கு இருபதாம் நூற்றாண்டில் யாராவது செய்த பெரிய உபகாரம் இதுதான். பெயர் மறந்த சின்னஞ்சிறு தூபிக்கும் ஓர் எண் கிடைத்தது. எண் இருந்தால் காணாமல் போனது தெரியும்.

அந்தக் காலத்தில் பர்மாவுக்கு ஏழு நாள் விசாதான். முதுகுப்பை இளைஞர்கள் ஜானி வாக்கர் விஸ்கி ஒரு புட்டியும் 555 சிகரெட் ஒரு பெட்டியும் கொண்டுவந்து ரங்கூனில் விற்று, அந்தப் பணத்தில் மண்டலை, பகான், இன்லே ஏரி என்று ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பகானில் அவர்கள் தங்கியது மதிலை ஒட்டிய கிராமத்தில், குடும்பங்கள் நடத்திய எளிய விடுதிகளில். 1990-இல் ராணுவ அரசு அந்தக் கிராமத்தையே காலி செய்ய வைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கோயில்களுக்கு நடுவே வாழ்ந்தவர்களைத் தெற்கே ஒரு கடலைக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இன்றைக்குப் புதுபகான் என்று பெயர். நான் ஒரு தேநீர்க் கடையில் பேசிய பெரியவர், பழைய வீட்டின் புளியமரம் இன்னும் நிற்கிறது என்றார். மரம் இருக்கிற இடத்தைக் கையால் வடக்கே காட்டினார். எண்ணூறு வருஷத்துத் தானத்துக்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. இவர்கள் வீட்டுக்கு இருந்த சாட்சி அந்த மரம்தான்.

1990-களின் நடுவிலிருந்து அதே அரசு கோயில்களைத் திரும்பக் கட்டச் சொல்லி நன்கொடை திரட்டியது. உள்ளூர்க்காரர், ராணுவ அதிகாரி, வெளிநாட்டுப் பக்தர் என்று பலரும் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடிபாடுகள் புதுச் செங்கல்லும் சிமெண்டுமாக எழுந்தன. பல இடங்களில் அடித்தளம் மட்டுமே மிச்சம், மேலே எழுப்பியது யூகம். வாசலில் பளிங்குப் பலகையில் கொடுத்தவர் பெயர், ஊர், தொகை. யுனெஸ்கோ முதல் முயற்சியில் பகானை ஏற்காமல் போனதற்கு இந்தக் கட்டுமானங்களும் ஒரு காரணம். 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ நானூறு கோயில்கள் சேதமாயின. சூலாமணி கோயிலின் உச்சி சரிந்த படத்தை உலகமே பார்த்தது. விழுந்தவற்றில் பெரும்பகுதி அப்படிப் புதிதாக ஏற்றிவைத்ததுதான்.

இதில் என் மனசு இரண்டு பக்கமும் இழுபட்டது. ராஜகுமாரன் கல்லுக்கும் இந்தப் பளிங்குப் பலகைக்கும் நோக்கத்தில் வித்தியாசம் இல்லை. கும்பிடுகிற கோயில் இடிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இரு என்று ஒரு பர்மியப் பெண்ணிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் ஊரில் குடமுழுக்கு என்ற பேரில் மணல் பீய்ச்சிக் கல்வெட்டை அழித்தபோதும் கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனாலும் முடிவாகச் சொல்கிறேன்: பிஷாரின் வரைபடத்தில் இல்லாத ஒரு செங்கல்லைக்கூடப் புதிதாக வைக்கக் கூடாது. விரிசலை அடைக்கட்டும், மழைநீர் இறங்காமல் பார்க்கட்டும், ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணாம்பை நீக்கட்டும். ஆனந்தாவில் நம் தொல்லியல் துறை செய்தது இந்த வகை வேலைதான், அது பாராட்டத் தக்கது. இல்லாத உச்சியை எழுப்புவது வேறு. அது அந்தப் பழைய கொத்தனாரின் பேரில் பொய்ப் பத்திரம் எழுதுவது.

2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் மண்டலையையும் சகாயிங்கையும் நொறுக்கிய நிலநடுக்கத்தில் பகான் பெருமளவு தப்பியது. நிலைமை சீராகி நீங்கள் போகும்போது கோபுரங்களின் மேல் ஏறாதீர்கள். சாவி வைத்திருப்பவரின் கையில் நேராகப் பணம் கொடுங்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, அது இங்கிருந்தே செய்ய வேண்டியது. பகான் கல்வெட்டுகளில் தேர்ந்தெடுத்த ஒரு தொகுதியாவது தமிழில் வர வேண்டும். நம் கல்வெட்டுகளோடு வைத்துப் படிக்கும்போதுதான் இரண்டு கரைகளிலும் நிலமும் மனிதரும் எப்படிக் கைமாறினார்கள் என்பது தெளிவாகும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியிலும் வேறு இடங்களிலும் குடியேறிய தமிழர்களில் பர்மியத்தைத் தாய்மொழி போலப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. கல்வெட்டு அறிஞர்களோடு அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து இந்த வேலையைத் தொடங்க ஒரு பல்கலைக்கழகமோ பதிப்பகமோ முன்வர வேண்டும், இந்த வருஷமே.